முதல் பரிசுக் கொழுக்கட்டை

பிள்ளையார்பாளையத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பேய் பார்ட்டி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பேய், பூதம் மாதிரி ஒரு பலகாரம் செய்து கொண்டுவர வேண்டும். போன வருஷம் துளசியின் சிலந்தி முறுக்குக்குத்தான் முதல் பரிசு. அந்த முறுக்கை நினைத்தாலே எதிர்வீட்டு இளவரசிக்கு இன்னும் வயிறு எரியும்.

"துளசி ஆன்ட்டி இந்த வாட்டி இட்லியில வவ்வாலு செஞ்சிக்கினு இருக்காங்கம்மா. சூப்பரா இருக்குது," என்று மகள் யாழினி வந்து சொன்னாள்.

"அப்போ அங்கயே போயி சாப்புடு," என்று எரிந்து விழுந்தாள் இளவரசி.

பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொழுக்கட்டை மாவு கிண்டினாள். தறியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்த கணவன் உமாபதியையும் விரட்டிவிட்டாள். மூன்று மணி நேரம் உருட்டி, கிள்ளி, ஒட்டி, ஆவியில் வேகவைத்து, தட்டைத் துணியால் மூடி பார்ட்டிக்கு எடுத்துப் போனாள்.

துணியை விலக்கியதும் இரண்டு பிள்ளைகள் அலறிக்கொண்டு அம்மாக்களின் பின்னால் ஒளிந்தன. முதல் பரிசு இளவரசிக்கு. துளசியின் முகம் சுருங்கியதை அவள் கண்குளிரப் பார்த்தாள்.

"எப்டிக்கா இவ்ளோ பயங்கரமா செஞ்சீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா," என்றாள் துளசி.

"அது கைவாகும்மா. சொன்னால்லாம் வராது."

வீடு திரும்பும்போது யாழினி மெல்லக் கேட்டாள். "ஏம்மா, எல்லாரும் பேய் செய்வாங்க, நாம மட்டும் தேவதை செய்யலாம்னுதானே சொன்ன?"

"வாய மூடிக்கினு வா," என்றாள் இளவரசி.