பத்தாம் நம்பர் ஸ்பானர்

பேட்டரி வயரைக் கழற்றி, அதன் முனையில் பழைய துணியைச் சுற்றி ஒதுக்கி வைத்த பிறகுதான் பர்வேஸுக்கு மூச்சே வந்தது. இனி யார் நினைத்தாலும் இந்தக் கார் இன்றைக்கு வாசலைத் தாண்டாது.

"என்னத்துக்கு இப்பவே களத்துதிய? ஏர்போர்ட்டுக்கு இதுலயே போலாமே" என்றாள் மனைவி அஃப்ஸானா.

"ஓடாமக் கெடந்தா பேட்டரி செத்துப் போவும். நான் மார்த்தாண்டத்துல பஸ் ஏறிக்கிடுதேன்."

பர்வேஸ் பத்தாம் நம்பர் ஸ்பானரை அவள் கையில் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னான். சவுதிக் கம்பெனியில் அவசர வேலை, ஒரு சில வாரம்தான், முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

ஒவ்வொரு தடவையும் அவன் கிளம்பும்போது, காரைத் திரும்ப ஓட்டிவர ஒரு டிரைவரைக் கூப்பிட்டு, குடும்பமே இந்தக் காரில் திருவனந்தபுரம் வரை வந்து அழுது வழியனுப்பும். இந்தத் தடவை வந்தால் குட்டு உடைந்துவிடும். டிக்கெட் இல்லை. விசாவும் இல்லை. அவன் லீவில் வரவில்லை, கம்பெனி கணக்கை முடித்து அனுப்பிவிட்டது.

இன்றைக்கு அவன் போகப் போவது எறணாகுளத்துக்கு. அங்கே ஒரு ஓட்டலில் மேசை துடைக்கிற வேலை. அஃப்ஸானாவுக்குத் தெரிவதற்குள் எப்படியாவது இன்னொரு விசா வாங்கிவிட வேண்டும்.

எலி வயரைக் கடிக்காமலிருக்க பானெட்டுக்குள் புகையிலையைப் போட்டான். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தான். தேங்காப்பட்டணத்தில் இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு விசா ஏற்பாடு செய்தவன் அவன். பக்கத்து வீட்டு சுபைதா பேகத்தின் மகன் சஃப்வானையும் அதே கம்பெனியில் அவன்தான் சேர்த்துவிட்டான். சஃப்வான் இன்னும் அங்கே இருக்கிறான். சேர்த்துவிட்டவன் இங்கே டயருக்குச் செங்கல் தேடிக்கொண்டிருக்கிறான்.

அவன் நிஜமாகப் பயந்தது பார்சலுக்குத்தான். ஒருவன் கல்ஃபுக்குக் கிளம்புகிறான் என்றால் போதும், அங்கே ஆள் இருக்கிற வீடுகளிலிருந்தெல்லாம் மீன் ஊறுகாயும் நேந்திரங்காய் சிப்ஸும் வந்து குவிந்துவிடும். வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்காவிட்டால் மறுநாளே போன் வரும், 'என்னாச்சு பார்சல்?' என்று.

ஆனால் ஆச்சரியம், இந்தத் தடவை ஒரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம்கூட வரவில்லை. எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்கிற சுபைதா பேகத்தைக்கூடக் காணோம். ஊருக்கே சிப்ஸ் சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பர்வேஸ் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டான்.

காருக்கு உறை போட்டு முடிக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. பையை எடுக்கத் திரும்பினவன் அப்படியே நின்றான். கையில் ஒரு தூக்குவாளியோடு சுபைதா பேகம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

கடைசி நிமிஷத்தில் மாட்டிக்கொண்டோமே என்று அவனுக்கு வியர்த்துவிட்டது. பெட்டி நிறைந்துவிட்டது, எடை கூடிப்போச்சு, ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னான்.

அவள் எதையும் காதில் வாங்காமல் வாளியை அவன் கையில் திணித்தாள். அது சுட்டது. மூடியைத் திறந்தால் வேகவைத்த மரச்சீனிக்கிழங்கும் சாளைமீன் கறியும்.

"மாமி, இது சஃப்வானுக்குப் போய்ச் சேருறதுக்கு முன்ன கெட்டுப் போவுமே."

"இது அவனுக்கு இல்ல மக்கா, ஒனக்கு. பஸ்ஸுல பசிக்கும்லா" என்றாள் சுபைதா பேகம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கம்பெனில ஒன்னைய அனுப்பின அன்னைக்கே எனக்க மவன் போன்ல சொல்லி அழுதுட்டான்."

தெருவில் எந்த வீட்டிலிருந்தும் ஏன் பார்சல் வரவில்லை என்பது அப்போதுதான் பர்வேஸுக்கு உறைத்தது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எல்லோரும் அவனிடம் சலாம் சொல்லி, எப்போ பயணம் என்று விசாரித்திருக்கிறார்கள்.

போகட்டும், அஃப்ஸானாவுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும். "மாமி, அவகிட்ட மட்டும்..." என்று கெஞ்ச ஆரம்பித்தவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதியில் நிறுத்திவிட்டான்.

வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அஃப்ஸானா அவர்களைத் தாண்டிக் கேட்டுக்குப் போனாள். ஆட்டோக்காரரிடம் ஏதோ சொன்னாள். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

வந்தவள் காரின் உறையை ஒரே இழுப்பில் உருவிக் கீழே போட்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கையிலேயே வைத்திருந்த ஸ்பானரை அவனிடம் நீட்டினாள்.

"பேட்டரிய மாட்டுங்க. இனி இதுதான் நம்ம கம்பெனி."