துண்டுக்குள் ஒரு கை

நவநீதகிருஷ்ணனின் வலக்கையைக் கிரிக்கெட் ஏலத்தில் இரண்டு கோடிக்கு எடுத்தார்கள். மூன்றே வருடத்தில் அந்த வேகப்பந்து ஏன் படுத்துவிட்டது என்று மாட்டுச் சந்தையில் தரகர்கள் நாங்கள் இருவரும் அலசுகிறோம். "தண்ணிங்க," என்கிறார் வேலுமணி. "கல்யாணமுங்க," என்கிறேன் நான். "ரெண்டுமில்லீங்க, பணத் திமிரு," என்று தான் சொன்னதை அவரே மாற்றுகிறார். அந்நேரம் நவநீதனே விற்பதற்கு ஒரு எருமையைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நிற்கிறான். வேலுமணி சட்டென்று தரகராகி, சந்தை வழக்கப்படி அவன் கைமேல் துண்டைப் போர்த்தி, உள்ளே விரல்களைப் பிடித்து விலை சொல்கிறார். "எத்தன வெரலப் புடிச்சீங்கன்னு தெரியலீங்க," என்கிறான் அவன். "பந்து போட்ட மொழங்கையில ஆபரேசனுக்கப்பறம் ரெண்டு வெரல்ல உசுரில்லீங்க. இடது கையில சொல்லுங்க." வேலுமணியின் கை துண்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எருமை மட்டும் அசைபோடுகிறது. நாங்கள் சொன்ன காரணம் மூன்று. அவன் வலக்கையில் உயிருள்ள விரலும் மூன்று.