நின்றுபோன கைக்கடிகாரம்

"விசிலக் கீழ வை பாய்! இனிமே நீ இந்த ராயபுரத்துல ஊதவே கூடாது!"

ரஹீமின் டீக்கடையில் நீலமேகம் மேசையைத் தட்டிய தட்டில் நாலு கிளாஸ் துள்ளிவிட்டு உட்கார்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் கோப்பைக்கான பந்தாட்டம். டிரா ஆனாலே போதும், போன வருஷம் ஜெயித்த ராயபுரத்திடமே கோப்பை தங்கிவிடும். கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி. பெரம்பூர்க்காரன் அடித்தான், கோப்பை ரயிலேறிப் போய்விட்டது.

பெனால்டி கொடுத்த ரெஃப்ரி காஜா மொய்தீன், கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். பதினோரு வருஷமாக அவர்தான் விசில். இப்போது மூலை பெஞ்சில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பெனால்டிய வுடு, நீலமேகம்," என்றார் ரஹீம். "கோலி வரதன் இன்னா பண்ணான்? பந்து இந்தாண்ட வருது, அவன் அந்தாண்ட வுழுந்து மண்ணுல எதையோ தேடிக்கினு இருந்தான்."

"வரதன ஏன்யா திட்ற?" என்றான் பட்டறைக்கார ராசையா. "சௌக்கத் அலிக்கு மூணு தபா காலிக் கோலு கெடச்சுது. மூணையும் கடலுக்கு அடிச்சான். கடைசிப் பந்து இன்னும் காசிமேட்டாண்ட மெதந்துகினு கீதாம். அவனேதான் கடைசில பந்தக் கையால தட்டிட்டு நிக்கிறான்!"

"தட்டுனான், ஒத்துக்கறேன்," என்றான் நீலமேகம். "ஆனா பெனால்டி அடிக்கறதுக்கு முன்னாடியே சங்கு ஊதிடுச்சா இல்லியா? சங்கு ஊதுனா ஆட்டம் காலி. அதான நம்ம வழக்கம்?"

அது வழக்கந்தான். மைதானத்தை ஒட்டிய ஆலையில் ஐந்து மணிச் சங்கு ஊதினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். ஆட்டம் என்ன, ராயபுரத்துக் கடிகாரங்கள் அத்தனையும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் திருத்தப்படும். அந்தப் பேட்டைச் சேவல்கள்கூடக் காலைச் சங்கு ஊதாமல் கூவாது. ஒரு தரம் கொதிகலன் பழுதாகி மூன்று நாள் சங்கு ஊதவில்லை. மூன்று நாளும் ராயபுரத்தில் விடியவே இல்லை.

சங்குக் கயிற்றை இழுக்கிறவன் நீலமேகமேதான். கொதிகலன் மேடையில் நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும்.

காஜா மொய்தீன் நிதானமாகச் சொன்னார்: "நான் விசில் ஊதுனது முன்னாடி, சங்கு ஊதுனது பின்னாடி. பெனால்டி குடுத்தப்பறம் டைமே முடிஞ்சாலும் அந்த ஒரு அடிய அடிக்க வுடணும். ரூல் அப்டி."

"இன்னா ரூலு?" ராசையா எழுந்தான். "சங்கு ஊதிட்டா நாங்க தூக்குன சுத்தியல அப்டியே போட்டுட்டு வூட்டுக்குப் போறோம். பாக்கி ஆணி நாளைக்கித்தான்!"

"ஆணி நாளைக்கும் அங்கியே இருக்கும் நைனா. பெரம்பூர்க்காரன் இருப்பானா?"

கடையே சிரித்தது. நீலமேகம் மட்டும் சிரிக்கவில்லை.

"பேச்ச மாத்தாத பாய்! ஜனம் மைதானத்துல எறங்கிடுச்சு. அதுங்கள வெளியே தள்ளவே அஞ்சு நிமிசம் ஆச்சு. அதுக்கப்பறம் அடிக்க வுட்டியே, பெரம்பூர்ல உனுக்கு எவன் தோஸ்து?"

காஜா மொய்தீனின் முகம் முதல் முறையாகச் சுருங்கியது.

ராசையாவுக்கு ஒரு யோசனை வந்தது. "இரு இரு. பாய் கையில வாட்ச் கீதே. சங்கு ஊதறச்சொல உன் வாட்ச்சுல மணி இன்னா? அத்தச் சொல்லு, பஞ்சாயத்து முடிஞ்சிடும்."

நீலமேகத்தின் டீ கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

காஜா மொய்தீன் மணிக்கட்டைப் பார்த்தார். சட்டைக் கையை மெல்ல இறக்கி வாட்ச்சை மூடினார்.

"அது... நின்னு போச்சுப்பா."

கடைக் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு.

"கடிகாரக்காரன் வாட்ச்சே நின்னு போச்சாம்!" நீலமேகம் தொடையைத் தட்டினான். "இவரு நமக்கு டைம் பாக்கறாரு!"

"என் டைம்பீஸு உங்கிட்ட ரிப்பேருக்குக் கீது," என்றான் ராசையா. "தொறக்காமயே திருப்பிக் குடுத்துடு."

காஜா மொய்தீன் தலையாட்டினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். கயிற்றை ஒழுங்காகச் சுற்றி மேசைமேல் வைத்தார். டீக்குச் சில்லறை வைத்துவிட்டு எழுந்தார்.

வாசலில் நின்று, "நீலமேகம், ஒரு நிமிசம் வாப்பா," என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான் நீலமேகம்.

தெருமுனை திரும்பியதும் காஜா மொய்தீன் வாட்ச்சைக் கழற்றி அவன் காதோரம் வைத்தார்.

டிக்... டிக்... டிக்...

"ஓடுதே பாய்!"

"ஓடும். தினம் காலைல ஸ்டேசன் மணி பாத்து வெச்சிக்கறேன். நேத்து நீ கயித்த இழுத்தப்போ அஞ்சு அடிக்க இன்னும் ஆறு நிமிசம் இருந்துச்சு."

நீலமேகம் தெருமுனையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "பெனால்டி குடுத்ததும்... கை தானா இழுத்துடுச்சு பாய். அத்த அங்கியே சொல்லியிருக்கலாமே?"

"அத்தினி பேரு முன்னாடி சொன்னா, சாயங்காலமே ஆலைத் தொரை காதுக்குப் போயிடும்."

வாட்ச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

"விசிலு போனா நான் வாயாலயே ஊதிக்குவேன் நைனா. கயிறு போச்சுன்னா, வூட்டுக்காரி கெங்கம்மாவையும் மூணு புள்ளைங்களையும் வெச்சிக்கினு நீ எத்த இழுப்பே?"