வெடிக்கு முந்தி ஒரு படம்

"மேசையில கை வைக்காதையும், அசனா. ஆடினா எல்லாம் போச்சு."

"நான் ஆட்ட மாட்டன் சேர். கடலுக்குள்ள வெடி போடுறவங்களுக்கும் ஒருக்காச் சொல்லிட்டு வாங்களன்."

குணரத்தினம் நுண்ணோக்கிக்கு மேல் குனிந்தான். எதிரிச் சுழியோடிகள் நீருக்கடியால் நீந்தி வந்துவிடக் கூடாதென்று கடற்படை துறைமுகத்து நீருக்குள் அடிக்கடி வெடி போடும். ஒவ்வொரு வெடிக்கும் ஓர்ஸ் ஹில் குன்றிலுள்ள ஆய்வுகூடத்தின் கண்ணாடி அலுமாரி கிலுங்கும். நுண்ணோக்கியின் கீழ் இருக்கும் பவள உயிரி, கைகளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

லேசர் பட்டால் அது பச்சையாக ஒளிரும். கருவி மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும். கணினி அடுக்குகளைச் சேர்த்து முழு உருவமாக்கும். நடுவில் உயிரி சுருங்கினால் படத்தில் கை ஓரிடம், உடல் ஓரிடம். இதுவரை கிடைத்ததெல்லாம் அப்படித்தான். இன்று வேகத்தை உச்சத்துக்கு ஏற்றியிருந்தான்.

"மிச்சம் இருக்கிறது இது ஒண்டுதான். கடல் தண்ணி மாத்தினீரோ?"

"கரைக்குப் போக ஆமி விட்டாத்தானே சேர்."

"உயிரோட இருக்கிறதின்ர படம் ஒண்டு வேணும். இல்லாட்டி நாளைக்கு மிசினைக் கொழும்புக்குக் கப்பல் ஏத்திடுவாங்கள்."

"நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

பொத்தானை அழுத்தினான். பாதிகூட முடியவில்லை. 'டம்' என்றது. அலுமாரி கிலுங்கியது.

"அறுவானுகள்!" அசனா தலையில் கை வைத்தாள்.

குணரத்தினம் திடுக்கிடவில்லை. மனைவி கமலாதேவியைச் சுடலைக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அவன் எதற்கும் திடுக்கிடுவதில்லை. அழித்துவிடத்தான் படத்தைத் திறந்தான்.

திரையில் முழு உருவமும் பச்சையாகச் சுழன்றது. எல்லாக் கைகளும் விரிந்தபடி. எங்கும் ஒரு கிழிசல் இல்லை.

"அல்லாஹ்! வந்திட்டு சேர்!" அசனா கதிரையிலிருந்து துள்ளி எழுந்தாள். "வெடிச்சும் அசையல்லையே! பாத்தீங்களா, அதுக்கும் பழகிட்டு. நம்மளப் போல."

அவனுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தபடி மெல்லிய தூரிகையை எடுத்து உயிரியின் ஒரு கையைத் தொட்டான். இன்னொன்றையும் தொட்டான். பிறகு தூரிகையைக் கீழே வைத்தான்.

"பழகேல்லை, அசனா," என்றான். "செத்துப்போச்சு."