காதுக்குள் ஒருவன்

"நாளைக்கு வரேன். அழுதாலும் சரி, கால்ல விழுந்தாலும் சரி, கூட்டிட்டுத்தான் போவேன்."

குரல் காதுக்குள்ளேயே கேட்டது. பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார். குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

இரண்டு காதிலிருந்தும் மிஷினைப் பிடுங்கி எடுத்தார். பழைய அமைதி வந்து மூடிக்கொண்டது. ஆலையில் பாய்லர் பக்கத்திலேயே வேலை பார்த்துப் பார்த்து வந்த செவிடு அது. இத்தனை வருஷம் சபித்த அமைதிக்குள் இன்று ஒளிந்துகொள்ளத் தோன்றியது.

மகள்தான் அவரைக் காது மிஷின் கடைக்கு அழைத்துப் போனாள். உள்ளே போனால் அவர்கள் பேசுவது கேட்க வேண்டுமே என்று, வாசலில் நின்று மனசில்லாமல் மிஷினை மாட்டிக்கொண்டார்.

கண்ணாடி அறைக்குள் அந்தக் கடைக்காரப் பெண்மணி பொறுமையாகக் கேட்டாள். "யார் குரல்னு தெரியுதாங்கய்யா?"

"ஆம்பளக் குரல். தெரிஞ்ச ஆள் இல்ல."

"மிஷின் போட்டே ரெண்டு வாரந்தானே ஆகுது. எல்லார் குரலும் உங்களுக்குப் புதுசாத்தான் இருக்கும்."

"எமன் குரலும் புதுசாத்தாம்மா இருக்கும். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேங்கறான்."

"எமன் எருமை மேல வருவான்யா. ப்ளூடூத்ல வரமாட்டான்" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "குரல் வர்றப்ப வீட்ல வேற யார் இருப்பாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைக் காட்டினார். "இவ மட்டுந்தான். அடுக்களையில இருப்பா."

அவருடைய ஃபோனை வாங்கிப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். "இது ரொம்பப் பழசாச்சே. அன்னைக்கு வேற ஃபோன்லதானே மிஷினை இணைச்சுக் குடுத்தேன்?"

"அதை மகளுக்குக் குடுத்துட்டேன். போன வாரம் புருஷன் வீட்லேர்ந்து வரும்போதே இவ ஃபோன் கைதவறி விழுந்து உடைஞ்சு போச்சு. இது இழுப்பறையில சும்மா கிடந்துச்சு."

அவள் ஃபோனை அணைத்துப் போட்டாள். மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடித் திறந்தாள். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. மிஷினை அவர் காதில் திரும்ப மாட்டிவிட்டாள்.

"இந்த ஃபோனும் இந்த மிஷினும் சேரவே சேராதுங்கய்யா. பத்துல ஒரு பொருத்தம்கூட இல்ல."

"அப்ப அந்தக் குரல் எங்கேர்ந்தும்மா வருது?"

அவள் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூரையில் சுற்றிய மின்விசிறியின் ஓசைகூட யாரோ மூச்சு விடுவது போல அவருக்குக் கேட்டது. புத்தி பிசகுவது இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று நினைத்தார்.

பயத்தை மறைக்க வேறு பேச்சை எடுத்தார். "என் கதை இருக்கட்டும். இவ ஃபோனையும் கொஞ்சம் பாரும்மா. மணி அடிக்குது. எடுத்தா ஒரு சத்தமும் இல்ல."

"அது கிடக்கட்டும்ப்பா" என்றாள் மகள்.

"எப்படிக் கிடக்கட்டும்? மாப்பிள்ளை கூப்பிட்டா என்ன நினைப்பார்? பரம சாதும்மா எங்க மாப்பிள்ளை. கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன், ஒரு தடவை அதட்டிப் பேசி நான் கேட்டதில்ல."

மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் காதையே பார்த்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அவள் பைக்குள் ஃபோன் அடித்தது. வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பைக்குள் வைக்கப் போனாள்.

"எடுங்க. எடுத்தாத்தானே கோளாறு தெரியும்" என்றாள் கடைக்காரி.

மகள் தயங்கித் தயங்கி விரலால் தொட்டாள். "ஹலோ... ஹலோ... பாத்தீங்களா, ஒண்ணுமே கேக்கல."

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். காதுக்குள் அதே குரல்.

"எத்தனை நாளைக்கு இப்படி ஹலோ ஹலோன்னு நடிப்ப?"

அவர் முகத்தைப் பார்த்த கடைக்காரி எட்டி ஃபோன் திரையைப் பார்த்தாள். "அட! உங்க ஃபோன் ஊமை இல்லம்மா. பழைய இணைப்பை அறுக்காமலே ஃபோன் கை மாறியிருக்கு. உங்களுக்கு வர்ற பேச்செல்லாம் அப்பா காதுக்குப் போயிட்டிருக்கு. எமனும் இல்ல, பேயும் இல்லங்கய்யா!"

மகளின் முகம் வெளுத்தது. "அப்பா, அதைக் கழட்டிடுங்க. ப்ளீஸ்ப்பா."

அவர் காதை நோக்கி நீண்ட அவள் கையை அவர் பிடித்துக்கொண்டார். கண்ணாடி வளையல்களுக்கு மேலே, கறுத்துக் கன்றியிருந்த ஒரு இடத்தில் அவர் விரல் பட்டதும் அவள் சுருங்கினாள். குரல் நிற்கவில்லை.

"அன்னைக்கு ஃபோனைத்தான் உடைச்சேன். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போனதும் எதை உடைக்கறேன் பாரு. போ, உங்கப்பன்கிட்ட அழு. அந்தச் செவிட்டுக் கிழவனுக்கு என்ன கேக்கப்போகுது?"

மகள் தலை குனிந்திருந்தாள். கடைக்காரியும் ஏதோ புரிந்தவள் போலச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அவர் மகளின் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். வாய்க்கு அருகே கொண்டுபோய் மெதுவாகச் சொன்னார்:

"கேக்குது, மாப்பிள்ளை."