மயில்கழுத்து நிற வண்டி

நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது.

சாவி அவர் கையில். பக்கத்து சீட் காலி.

மனைவி தெய்வானை திறந்த கதவுக்கு வெளியே நின்றாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல்தான் ஷோரூமுக்குக் கூட்டி வந்திருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பஸ் ஜன்னல் வழியே ஷோரூமில் நின்ற இதே வண்டியைப் பார்த்து, "நிறம் நல்லாருக்குதுங்க" என்றவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்றை நல்லாயிருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த நிறத்தில் அதுதான் கடைசி வண்டி. அவர் ரிட்டையர் ஆகிப் பணம் கைக்கு வருகிற வரைக்கும் அது விற்காமல் இருக்க வேண்டுமே.

இருந்தது.

ஞாயிறுதோறும் அவர் ஷோரூமுக்குப் போனார். யாராவது மயில்கழுத்து நிறத்தின் பக்கம் நகர்ந்தால், இவரும் மெல்ல நகர்ந்து காதோரம் சொல்வார்.

"இதுல ஒருத்தர் உட்கார்ந்தபடியே போயிட்டாருங்க. பொய் சொல்லக் கூடாது, நல்ல சாவு. வலியே கிடையாது."

கேட்டவர்கள் வெள்ளை வண்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஷோரூம்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாஸ்து பார்த்து வாசலையே இடித்து வடக்கே வைத்தார்கள்.

"ஏறு, தெய்வானை."

"மாட்டேனுங்க. இது ஆள் செத்த வண்டி. ஊரே சொல்லுது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது நான் கட்டிவிட்ட கதை."

"என்னை ஏத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க. கதைன்னா ஆள் அடையாளம் சொல்லுவாங்களா? ரிட்டையர் ஆனவராம். சம்சாரத்துகிட்டச் சொல்லாம வாங்குனாராம். எலுமிச்சம்பழம் நசுங்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம்."

'ஒருத்தர்' என்று மட்டும்தான் அவர் சொல்லியிருந்தார்.

மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

"சார், ராகுகாலம் வந்துரும். எடுங்க" என்றார் மேனேஜர். ஊழியர்கள் கைதட்டுவதற்காக வரிசையாக நின்றார்கள்.

தெய்வானை இரண்டடி பின்னால் போனாள்.

அவர் சாவியைத் திருகினார்.

நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. இடது தோள்வரைக்கும் போனது.

வலித்தது. நன்றாகவே வலித்தது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அவர் சொன்ன சாவில் வலி கிடையாது.