ஊர்சுற்றியைப் பார்க்க வந்தவர்

பத்திரிகையில் குன்றைப் பற்றி எழுதியவரைப் பார்த்தே தீருவேன் என்று ஒரு அம்மாள் ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவளின் பேனா, ஒரு பாவமும் செய்யாத ஒரு சொல்லை அடித்துவிட்டது.

அம்மாள் வந்திருப்பது, குன்று இருக்கிற அதே ஊரிலிருந்து.

தொலைந்தோம் என்று நினைத்தாள்.

அந்த வாரப் பத்திரிகையில் அவளுக்கு வேலை மெய்ப்புத் திருத்துவது. ஆனால் இரண்டு வருடமாகக் கடைசிக்கு முந்தைய பக்கம் அவளுடையது. ‘ஊர்சுற்றி’ என்ற பெயரில் புத்தகம், சினிமா, பயணம் என்று மனதில் பட்டதையெல்லாம் எழுதித் தள்ளுவாள்.

அடுப்பில் வைத்த பாலை மறக்கடிக்காத நாவல் ஒரு நாவலா என்று கேட்பாள். கதாநாயகியை மழையில் ஆடவிடுகிறவர்கள், அந்தத் துணியை அப்புறம் யார் அலசிக் காயப்போட்டார்கள் என்று காட்டுவதில்லையே என்பாள். பெண்கள் சுற்றுலா போவதென்றால், ஐந்து பேருக்குப் பெட்டி கட்டிவிட்டுத் தன் பல் பிரஷ்ஷை மறந்துவிட்டுப் போவது என்பாள்.

புத்தகங்கள் படித்தவைதான். சினிமாக்களும் பார்த்தவைதான். பயணம் மட்டும் முழுப் புளுகு.

ஆனால் அந்தக் குன்றைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொழுந்தன் வீட்டு விசேஷத்துக்குப் போகும் வழியில் பஸ் அந்த ஊரில் நான்கு நிமிடம் நின்றது. சின்னவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் வாயருகே பையைப் பிடித்தபடி, பைக்கு மேலே எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு பார்த்தாள்.

ஒற்றையடிப் பாதை, உச்சியில் அடித்த காற்று, யாரும் கூப்பிடாமல் அங்கே கழிந்த ஒரு மணி நேரம் எல்லாம் சொந்தச் சரக்கு.

ஆசிரியர் கறாரான பெண்மணி. பார்க்காத ஊரைப் பார்த்ததாக எழுதிய ஒருவரின் தொடரைப் பாதியில் நிறுத்தியவர். இன்றோடு தன் பக்கமும் போயிற்று என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. வாரம் முழுக்க மற்றவர்களின் பிழையைத் திருத்துகிறவளுக்கு, தன் பேச்சைத் தானே பேச அந்த ஒரு பக்கம்தான் இருந்தது.

உள்ளே போனாள்.

வந்தவர் ஒரு தையல்காரர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து வைக்க மறந்து அப்படியே பஸ் ஏறியிருந்தார். மடியில் அவள் எழுதிய பக்கம், ஓரம் பிசகாமல் கத்தரித்தது.

குன்றின் அடிவாரத்தில்தான் தன் கடை என்றார். இருபத்தாறு வருடமாகச் சுவரைப் பார்த்து மிஷின், முதுகுக்குப் பின்னால் குன்று. அங்கே ஏறி என்ன கிழிக்கப்போகிறாய் என்று முதலில் மாமனார் கேட்டாராம், பிறகு புருஷன் கேட்டாராம், பிறகு மகன். கடைசியில் யாரும் கேட்க வேண்டியிராமல் தானே கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டாராம்.

இந்தப் பக்கத்தைப் படித்த அன்று, ஒரு காற்சட்டையை ஒற்றைக் காலோடு மிஷினில் விட்டுவிட்டு, பட்டப்பகலில் கடையைச் சாத்திக்கொண்டு ஏறிவிட்டார்.

ஆசிரியர் மோவாயில் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேல கல் பெஞ்சு இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அங்க அப்படி எதுவும் இல்லையேம்மா."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "அது வந்து" என்று ஆரம்பித்தாள்.

தையல்காரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்றைக்குத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டு இறங்கினாராம். மறுநாள் துணி வாங்க வந்த பெண்களிடம் சொன்னால், அவர்களும் இதே பக்கத்தைப் படித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் நான்கு பேர் கூட வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பதினொரு பேர். அதில் ஒருத்திக்கு மூட்டு வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

ஆகவே, வாடிக்கைக்காரர்கள் உட்காரக் கடை வாசலில் போட்டிருந்த பெஞ்சை ஆறு பேராக, ஐந்து இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, உச்சிக்குத் தூக்கிப் போனார்களாம்.

"கல்லு கிடைக்கலைம்மா, மரம்தான் போட்டிருக்கோம். புதுசா யாராவது வந்து குறை சொல்லிடக் கூடாது பாருங்க. அதை மட்டும் கொஞ்சம் மாத்திப் போட்டுடுங்க."

இதற்காகத்தான் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, எதைத் துடைப்பது என்று தெரியாமல் முகத்தை முந்தானையால் ஒரேயடியாக மூடிக்கொண்டாள். அப்பாடா என்று அவள் சொன்னது வெளியிலும் கேட்டிருக்கும்.

முகத்தை எடுத்ததும், ஆசிரியர் எதிரில் என்ன கேட்கிறோம் என்று யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"உங்க ஊருக்கு எந்த பஸ்ல வரணும்?"

தையல்காரர் துளியும் ஆச்சரியப்படவில்லை. காலையில் ஆறேகாலுக்கு ஒன்று, அதை விட்டால் எட்டரைக்கு ஒன்று, ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் ஆறேகால்தான் சரி என்றார்.

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசையில் கிடந்த காகிதத்தில் ஆறேகால் என்று எழுதி, பக்கத்தில் ‘நாம் இரண்டு பேர்’ என்று போட்டார்.